மிக்சி காணாமல் போகும் மாதம்

என் பிறந்தநாள் நெருங்குவதை நான் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மிக்சி ஜார் காணாமல் போகும். கத்தரிக்கோல் குளியலறையில் கிடைக்கும். அறைக்குள் நுழைந்தால் பிள்ளைகள் இருவரும் எதன் மேலோ உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள்.

"கடையில வாங்கினா அதுல என்ன இருக்கு? கையால செஞ்சு குடுங்க" என்று உபதேசம் செய்தவள் நானேதான். சிக்கனத்துக்காகச் சொன்னேன். இப்போது அனுபவிக்கிறேன்.

முதல் வருடம் பிடிதுணி. அப்போது ஒன்பது வயதான மகள், அப்பாவின் நீல நிற கிரிக்கெட் ஜெர்சியை வெட்டி, நான்காக மடித்து ஓரம் தைத்திருந்தாள். கரித்துணிக்கு நைந்த வேட்டியையே கிழிப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பருத்தி கருகும், உருகாது. ஜெர்சியோ பாலியெஸ்டர், சுமார் 250 டிகிரியில் உருகிவிடும். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியின் காதைப் பிடித்தேன். அந்தக் காதில் இன்றைக்கும் ஒரு நீலத்தோடு இருக்கிறது.

இரண்டாம் வருடம் பிரிமணை. வைக்கோலிலோ தேங்காய் நாரிலோ திரிக்க வேண்டியது. நார் கிடைக்கவில்லை, ஐஸ்குச்சி கிடைத்தது. அதற்காகவே 40 ஐஸ் தின்று, இருமலையும் சேர்த்துப் பரிசளித்தார்கள். வெள்ளைப் பசை சூடு பட்டால் இளகும் என்பது குழம்பை இறக்கி வைத்தபோது தெரிந்தது. ஆறிய பிறகு சட்டியைத் தூக்கினால் பிரிமணையும் கூடவே வந்தது, பிரிய மனமில்லாமல்.

மூன்றாம் வருடம் மகனின் முறை: கொட்டாங்குச்சி அகப்பை. தெரிந்தவர்கள் செய்தால் சிரட்டையில் எதிரெதிரே துளையிட்டு, மூங்கில் காம்பை ஒன்றில் நுழைத்து மற்றதில் செருகுவார்கள், ஆணியே வேண்டாம். இவன் ஒரு துளையோடு திருப்தி அடைந்துவிட்டான். ரசத்தைக் கலக்கினேன். காம்பு மேலே வந்தது, சிரட்டை வரவில்லை. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அகப்பையே சட்டியில் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், நான்காம் வருடம் தலைமை ஏற்றார். காகிதக் கூடை. செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பி வெயிலில் காயவைப்பது. வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். மூன்றாம் நாள் வாடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே அண்டவில்லை. அந்த வாரம் முழுக்க என் கணவர் தேங்காய்ச் சட்னியை விரலால் விலக்கி, ராசிபலன் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்தபடியே சாப்பிட்டார்.

ஆனால் கூடை பிரமாதமாக வந்துவிட்டது. தட்டினால் மரம்போல் சத்தம். எதை வைப்பது? பூண்டு, வற்றல் என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியில் பயன்படுத்தவும் துணியாமல், எறியவும் மனம் வராமல் நான் ஒளித்துவைத்திருந்த சொத்துகளுக்கு அதுவே வீடாயிற்று: பிடிதுணியின் மிச்சம், பிரிமணைக் குச்சிகள், காம்பில்லாத அகப்பை.

மகள் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, கூடை ரொம்பிடுச்சேம்மா!" முகத்தில் நிஜமான கவலை.

மறுநாள், பழைய பேப்பர்காரருக்காக நான் கட்டிவைத்திருந்த மூன்று மாதக் கட்டைக் காணவில்லை. மிக்சி ஜாரையும்தான்.