பட்டயம் எங்கே?

இலங்கையின் கண்டிச் சீமையில் சேனைப் பயிர் செய்ய ஏர் வேண்டாம், மாடு வேண்டாம். ஆடியில் காட்டை வெட்டிக் காயப்போடு. புரட்டாசியில் கொளுத்து. ஐப்பசி மழை விழுந்ததும் குரக்கனை, அதாவது கேழ்வரகை, வீசு. பிறகு பரணில் ஏறி, விடிய விடியக் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டு. ஒரு போகம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் அடுத்த துண்டுக்குப் போய்விடு. பழைய துண்டில் மறுபடி காடு மண்டட்டும்.

வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்தார். வரப்பில்லை, வேலியில்லை, ஆளையும் காணோம். ஆகவே நிலம் நம்முடையது! 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது: காடு, தரிசு, ஆளில்லா நிலம் எல்லாம் அரசுக்குச் சொந்தம். கண்டியில் சேனை நிலமும் அப்படியே. மறுக்கிறவன் ராஜா கொடுத்த சன்னஸ் பட்டயத்தை எடுக்கட்டும். இல்லையா, வரியோ ஊழியமோ செலுத்தியதற்கு ஆதாரம் காட்டட்டும்.

ராஜாவையே கேட்கலாமென்றால், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்து வேலூருக்குக் கப்பலேற்றியதே இந்தத் துரைமார்தான். அவரும் 1832இல் அங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

காடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது. வாங்கியவர்களில் கவர்னர் ஸ்டுவர்ட் மெக்கென்சியும் உண்டு. காப்பித் தோட்டம் போட என்ன செய்தார்கள்? காட்டை வெட்டினார்கள், காயப்போட்டார்கள், கொளுத்தினார்கள். குடியானவன் செய்தால் காட்டழிப்பு; துரை செய்தால் அபிவிருத்தி. நிலத்தை ஆறப்போடும் பழக்கம் மட்டும் துரைக்குக் கிடையாது.

தோட்டத்துக் கூலிக்குக் குடியானவன் வர மறுத்தான். ‘சோம்பேறி’ என்று அவனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் காட்டுவழியே நடக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். வழியிலேயே விழுந்து மாண்டவர்கள் ஏராளம்.

1848இல் கவர்னர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி போட்டார். பன்றியை விரட்டக் குடியானவனிடம் இருந்தவை அவை இரண்டும்தான். வரியில்லாமல் திரிந்தது பன்றி ஒன்றே. கலகம் மூண்டது, ராணுவச் சட்டம் போட்டுச் சுட்டுத்தள்ளினார்கள். விவகாரம் லண்டன் பார்லிமென்ட்வரை நாற, 1850இல் டொரிங்டன் வீடு போய்ச் சேர்ந்தார். நிலம் மட்டும் உரியவனிடம் போய்ச் சேரவில்லை.

1869இல் காப்பியில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. சில வருஷங்களில் தோட்டங்கள் திவால். துரைமார் அசரவில்லை, அதே மண்ணில் தேயிலையை நட்டார்கள். மலைக்காடு மொட்டையானபின், 1885இல் ஞானோதயம் வந்து வனச் சட்டம் போட்டார்கள். மிச்சக் காட்டைக் காப்பாற்ற வேண்டுமாம்: குரக்கன் விதைக்கிறவனிடமிருந்து!