புல்லட்டுக்கு மூளை வைத்தல்

மணவூர்ப் பக்கம் ஓடும் பழைய 350 புல்லட் திருவொற்றியூரில் பிறந்தது. மிக்கார்ப் கார்புரேட்டரோடு, மூளை என்ற ஒன்றில்லாமலே காலம் தள்ளியது. வைத்தியத்துக்கு ஸ்க்ரூடிரைவரும் மெக்கானிக்கின் காதும் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், காப்பி நிறமென்றால் கூலி வாங்கிக்கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. புது புல்லட்டுகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பழசின் சொந்தக்காரருக்கு மட்டும் ஆசை வராதா?

த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், மூளையான இசியூ எல்லாம் மாற்றும் கிட்டிலேயே வந்துவிடும். அப்புறம்தான் செலவு: சுமார் 3 பார் அழுத்தம் தரும் பம்ப், சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார், இத்தனைக்கும் கரண்ட். ஹாரன் அடித்தாலே ஹெட்லைட் மங்கும் வண்டியிடம் இதைக் கேட்கிறார்கள்.

ட்யூனிங் அடுத்த கூத்து. எடைக்கணக்கில் பெட்ரோல் ஒன்றுக்குக் காற்று 14.7 என்பது பாடம். பங்க்கில் ஊற்றுவதோ இ20, எத்தனால் கலந்தால் அந்தக் கணக்கு இறங்கும். ஆகவே மடியில் லேப்டாப்போடு பின்சீட்டில் ஒருவர்.

முன்பெல்லாம் பேட்டரி படுத்தாலும் உதைத்துக் கிளப்பலாம். இப்போது எவ்வளவு உதைத்தாலும் பம்ப் கரண்ட் கேட்கும். நல்லவேளை, மணவூரில் மின்சார ரயில் நிற்கிறது.