படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டிருக்கும் உங்களுக்கு வாழ்த்துகள். பையில் துண்டுப்பிரசுரம் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது, மூன்று நாள் பயிற்சி முகாமில் கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. இதே வேலைக்கு உங்களுக்கு முன் வந்தவர்கள் நானூறு வருடத்துக்கு மேலாகப் பட்ட பாடு மட்டும் அந்தப் பையில் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கையேடு. எழுதுகிறவன் வேதக்கார வீட்டில் பிறந்தவன். பதினெட்டு வயதில் நானும் இப்படி ஒரு பையுடன் போனவன்.

முதலில் படலை. திறந்துகொண்டு உள்ளே போகவேண்டாம், நாய் நிற்கும். வெளியே நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுங்கள். "ஆர் அது? வாங்கோ, இருங்கோ" என்று பதில் வரும். விறாந்தையில் கதிரை போடுவார்கள், தேத்தண்ணி வரும். நீங்கள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார்கள். முடிவில் வீட்டுக்காரர், "எல்லாச் சாமியும் ஒண்டுதானே தம்பி" என்பார். அவர் உடன்பட்டுவிட்டார் என்று நினைத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிடாதீர்கள். கூட்டம் முடிந்துவிட்டது, எழும்பலாம் என்பதற்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதையான சொல் அது.

இவ்வளவு மினைக்கெட முடியாது, ஆட்களின் தொகைதான் முக்கியம் என்றால் ஒல்லாந்தர் வழி இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் அவர்கள் தோம்பு என்ற பதிவேட்டைத் திறந்தார்கள். உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் எடு. கலியாணம் செல்லுபடியாகவேண்டுமா, பிள்ளைக்குச் சொத்துச் சேரவேண்டுமா, தேவாலயத் தோம்பில் பெயரைப் பதி. குடாநாடு முழுக்கக் கிறிஸ்தவமாகிவிட்டது, காகிதத்தில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கைகட்டி நின்றவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் என்ன செய்தார் என்பது தோம்பில் பதியப்படவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கட்டாயம் போனது, அந்தக் கிறிஸ்தவர்களும் போய்விட்டார்கள். 1816-17இல் அமெரிக்க மிஷன்காரர் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தபோது பழைய தேவாலயங்கள் கூரையில்லாமல் நின்றன. சுவரைத் திருத்தி, கூரை போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

அமெரிக்கர் தேர்ந்தெடுத்தது பள்ளிக்கூட வழி. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கவில்லை. ஆனால் மிஷன் வளவுக்குள் பிள்ளை சாப்பிடக்கூடாது என்றார்கள். ஆகவே வேலிக்கு அப்பால், சைவக்காரர் ஒருவரின் காணியில் குசினி கட்டவேண்டி வந்தது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கணக்கு, வானசாஸ்திரம், வேதாகமம் எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் பரிமாறலாம். சோறு மட்டும் அந்தப் பக்கம். மூளைக்குள் எது போனாலும் பரவாயில்லை, வயிற்றுக்குள் போவதில்தான் சமயம் இருக்கிறது என்று எங்கள் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். பயிற்சி முகாம்களில் இன்றுவரை இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உண்டியலுக்கு வழி வேண்டுமானால் அதையும் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பினால் அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடலாம். நெவின்ஸ், வைமன், கறொல், நைல்ஸ் என்று யாழ்ப்பாணத்தில் உலவிய பெயர்கள் அப்படி வந்தவை. ஆனால் பெயர் மட்டும் நம்பக்கூடியதல்ல. கறொல் விசுவநாதபிள்ளை செமினரியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பிறகு சைவத்துக்குத் திரும்பினார். அவரைப் போலவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் திரும்பினார். திரும்பிவந்து அவர் பதிப்பித்த பழந்தமிழ் நூல்களுக்காகத் தமிழர் எல்லோரும் மிஷனுக்கு நன்றி சொல்லவேண்டும். மிஷன் எதிர்பார்த்த நன்றி அதுவல்ல என்பது வேறு விஷயம்.

அறிவால் வெல்லலாம் என்று நினைப்பவருக்கு 1829ஆம் வருடத்துச் சந்திரகிரகணம். பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் ஐரோப்பியக் கணக்குக்கும் சில நிமிட வித்தியாசம் இருப்பதைச் செமினரி அதிபர் டானியேல் புவர் கண்டுபிடித்தார். முன்கூட்டியே ஊரறியச் சொல்லி வைத்தார். நிலவு துரையின் பக்கம் நின்றது. துரை சொன்ன நேரத்துக்கே கிரகணம் பிடித்தது. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழைக்கும், புராணம் பிழைத்தால் சுவிசேஷத்துக்கு வழி திறக்கும் என்பது புவரின் தர்க்கம். ஊரின் தர்க்கம் வேறு: கணக்கில் பிழை என்றால் கணக்கைத் திருத்து, அவ்வளவுதானே. கிரகணம் விட்டதும் வழக்கப்படி தலை முழுகியிருப்பார்கள். கடைசியில் 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் செயலாளர் ருஃபஸ் ஆண்டர்சனின் குழு வந்து பார்த்தபோது, பிள்ளைகள் செமினரிக்கு வருவது இங்கிலீசுக்கும் அதன் பின்னால் இருக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும்தான் என்று கண்டது. செமினரி மூடப்பட்டது.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. கெட்டிக்காரப் பெடியன் யாரையும் உதவிக்கு வைத்துக்கொள்ளவேண்டாம்.

வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வைத்துக்கொண்டார். நல்லூர்ப் பெடியன், பெயர் ஆறுமுகம், பிறந்தது 1822. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அங்கேயே படிப்பித்தவன். வேதாகமத்தை நல்ல தமிழில் பெயர்க்கப் பேர்சிவலுக்கு வருடக்கணக்காக உதவியும் செய்தான். ஒரு வரியை விளங்க வைப்பதற்கு எத்தனை சொல்லைத் தூக்கி எறியவேண்டும், வாரம் தவறாமல் பிரசங்கம் செய்தால் என்ன நடக்கும், அச்சுக்கூடம் எதற்குப் பயன்படும், சிறுபிள்ளைக்குச் சமயத்தைக் கேள்வியும் பதிலுமாக எப்படி ஊட்டுவது என்பதையெல்லாம் அருகில் இருந்து பார்த்தான். பிறகு 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினான். அடுத்த வெள்ளியும் செய்தான். 1848இல் மிஷன் வேலையை விட்டான். சைவப் பள்ளிக்கூடம் வந்தது. அடுத்ததாக அச்சுக்கூடம் வந்தது. பாலபாடமும் சைவ வினாவிடையும் வந்தன. இனி "ன்" போட்டு எழுதக்கூடாது. அவர் ஆறுமுக நாவலர்.

குடாநாட்டில் சுவிசேஷப் பயிற்சியை முழுமையாகப் பெற்று, பாடம் ஒன்றுகூட விடாமல் நடைமுறைப்படுத்தியவர் என்று ஒருவரைக் கைகாட்டச் சொன்னால் நான் நாவலரைத்தான் காட்டுவேன். சமயம் மட்டும் மாறிப்போய்விட்டது.

வேறு வழி இல்லையா என்றால், மானிப்பாய் வழி ஒன்று உண்டு, ஆனால் காலம் பிடிக்கும். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ் படித்தார். சும்மா சந்தைத் தமிழ் அல்ல. 1864இலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கும் அளவுக்கு. 4000 பக்கங்களுக்கு மேல் வைத்திய நூல்கள் தமிழில் ஆயின. தன் மாணவர் வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பெயரில் இன்றும் ஆசுபத்திரி மானிப்பாயில் இருக்கிறது. சைவக்காரரும் அந்தப் பெயரைப் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். மூன்று நாள் முகாமில் இதைப் பழக முடியாது என்பதால் மேலே போகிறேன்.

சாதியைப் பற்றிப் பேசவேண்டாம் என்று முகாமில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் பேசாவிட்டாலும் அது உங்களைப் பேசவைக்கும். கதிரையில் இருந்ததும் வரும் முதல் கேள்வி "தம்பி எந்த ஊர்? ஆற்றை மகன்?" என்பதுதான். பதிலைப் பொறுத்து மூக்குப்பேணியா, கிளாசா, வேறேதுமா என்று உள்ளே முடிவாகும். நாங்கள் எல்லோரும் தேவனுடைய பிள்ளைகள் என்று துண்டுப்பிரசுரத்தில் இருப்பதை அப்போது வாசித்துக் காட்டலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் சபையில் யார் முன்வாங்கில், யார் வாசலோடு என்பதையும், மிஷன் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்துவதற்கு 1920களின் கடைசிவரை ஏன் இழுபட்டது என்பதையும் யோசித்து வைத்திருங்கள். ஆச்சிமார் கேட்பார்கள்.

சோற்றுக்கு மாறினவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். கோபப்படவேண்டாம், ஒரு விதத்தில் சரிதான். உடுவிலில் ஹரியட் வின்சிலோ அம்மையாரிடம் தையல் பழக வந்த சின்னப் பெட்டையள் இரண்டு பேர், ஒருநாள் புயல்மழையில் வீட்டுக்குப் போகமுடியாமல் பசியில் அழுது, மிஷன் வீட்டிலேயே சோறு தின்றார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. பெட்டைகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்றிருந்த ஊரில் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியின் கதை அந்தச் சட்டியடியில் இருந்துதான் சொல்லப்படுகிறது. வட்டுக்கோட்டையில் கிரகணமும் கேத்திரகணிதமும் திறக்காததை உடுவிலில் ஒரு மழை திறந்தது.

சோற்று விஷயத்தில் இதிலும் பெரிய ஆள் யோசேப் வாஸ் அடிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலம். கோவாவிலிருந்து 1687இல் பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வேடம் என்று சொல்வதும் அவ்வளவு சரியில்லை. வந்திறங்கியபோது வயிற்றோட்டத்தில் விழுந்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில்தான் பிழைத்தார். பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு படலை படலையாகப் பிச்சை எடுத்தார். மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் ஒளித்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். துண்டுப்பிரசுரம் இல்லை, கையில் வெறும் ஏனம். 2015 ஜனவரியில் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினார்.

இருநூற்று ஐம்பது வருடம் கழித்து இதே குடாநாட்டுப் பிள்ளை டி. ரி. நைல்ஸ், ஆம், அந்தக் கடன்வாங்கிய பெயர்க்காரர்தான், சுவிசேஷம் சொல்வதைப் பிச்சைக்காரன் ஒருவன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைச் சொல்வதோடு ஒப்பிட்டார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் கூடியபோது தொடக்கத்தில் பிரசங்கித்தவர். அவருடைய இந்த ஒப்புவமையை உலகமெல்லாம் பிரசங்கிகள் சொல்கிறார்கள், பெரும்பாலும் நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு.

இனி என் அனுபவம். பயிற்சி தந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: விக்கிரகம் இருக்கிற வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது. மத்தியானம் இரண்டு மணி, ஏழாவது வீடு. ஆச்சி ஒருவர் என் ஊரையும் அப்பாவையும் அப்பாவின் அப்பாவையும் விசாரித்து முடித்து, நான் தொடங்கிய வசனத்தைக் கடைசிவரை கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே கத்தரிக்காய்க் குழம்பு வாசம்.

"தம்பி சாப்பிட்டாச்சோ?"

"ஓம் ஆச்சி, சாப்பிட்டுத்தான் வந்தனான்."

நான் அவரிடம் கொடுத்திருந்த துண்டுப்பிரசுரத்தின் மூன்றாம் பக்கம் பொய் சொல்வதைப் பற்றியது. ஆச்சி அதை மடித்து, விசிறிக்கொண்டிருந்தார்.