பத்துக் கட்டங்களைக் குறைக்கக் கோரி ஒரு மனு

பெறுநர்: மாணவர் சேர்க்கைக் குழுவினர், ஹார்வர்ட் பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்.

பொருள்: வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் ஆற்ற வேண்டிய அருஞ்செயல்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

நீங்கள் ஏற்கும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பப் படிவத்தில், பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லப் பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். பதினேழு வயதுக்குள் தொண்டு நிறுவனம் தொடங்கி, வயலின் பயின்று, வாள்வீச்சில் பதக்கம் வாங்கி, கோடை விடுமுறையை ஆய்வுக்கூடத்தில் கழித்துவிட்டு, அத்தனையையும் குறுஞ்செய்தி நீளத்தில் அடக்கிச் சொல்லும் பணிவும் வாய்த்த பிள்ளைகள் உங்களுக்கு வேண்டும். பிறகு படிப்புக்கும் இச்செயல்களுக்கும் விளையாட்டுக்கும் குணத்துக்கும் தனித்தனியே 1 முதல் 6 வரை எண் இடுகிறீர்கள் என்பது உங்கள் மீதான நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. குடும்ப வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை என்கிறீர்கள். உண்மைதான், பார்க்கத் தேவையே இல்லை. அதைத்தான் பத்துக் கட்டங்களும் சொல்லிவிடுகின்றனவே!

இது பொறாமைக்காரர் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வளாகத்திலேயே பணிபுரியும் ராஜ் செட்டியும் டேவிட் டெமிங்கும், ஜான் ஃபிரீட்மேனுடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: உங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு உயர்மட்டத் தனியார் பல்கலைக்கழகங்களில், ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை சேர்வதற்கு இரு மடங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. முன்னாள் மாணவரின் வாரிசுகளுக்குக் காட்டும் சலுகை, விளையாட்டு வீரர் தேர்வு ஆகியவற்றோடு, படிப்பு சாராத தகுதிகளுக்கு இடும் மதிப்பும் இதற்குக் காரணம். பிற்கால வெற்றியை முன்கூட்டிக் காட்டுவது படிப்புத் தகுதிதான். மற்றவை அப்படிக் காட்டுவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இதில் உங்களுக்குப் பழைய அனுபவமும் உண்டு. 1922இல் உங்கள் தலைவர் லோவெல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான ஒதுக்கீட்டைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் கதவைச் சாத்த முடியவில்லை. ஆகவே 1926 முதல் ‘குணநலன்’ முன்னுக்கு வந்தது, விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்கப்பட்டது. இன்று நோக்கம் வேறாக இருக்கலாம். ஆனால் அளக்க முடியாததை அளக்கும் கோல், அதைப் பிடித்திருப்பவரின் வசதிக்கேற்ப நீளும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

மதிப்பெண்ணையும் பணம் வாங்குமே என்பீர்கள். வாங்கும், தனிப்பயிற்சி எங்கும் உண்டு. ஆனாலும் தேர்வறையில் பிள்ளைதான் உட்கார வேண்டும். கட்டங்களை நிரப்ப ஆலோசகரை அமர்த்திக்கொள்ளலாம். 2019இல் அம்பலமான சேர்க்கை மோசடியில், துடுப்பே பிடிக்காத பிள்ளைகள் உடற்பயிற்சி இயந்திரத்தில் அமர்ந்த புகைப்படத்தோடு படகு வீராங்கனைகளாக உருவெடுத்தார்கள். குடும்பப் பொறுப்பையும் கூலி வேலையையும்கூடப் படிவத்தில் எழுதலாமே என்பது அடுத்த வாதம். எழுதலாம். ஆனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு மாலையில் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இவை இரண்டு கட்டம். மீதி எட்டும் காலி. அந்த வெறுமையை ஆர்வக் குறைவு என்று நீங்கள் படிக்காமல் இருக்க, அப்பிள்ளைக்காக எடுத்துச் சொல்ல ஆலோசகரும் இல்லை. பாடத்துக்கு வெளியே ஆர்வம் வளர வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆர்வத்துக்கு ஒன்றிரண்டு போதும். பத்து கேட்டால் கிடைப்பது பட்டியல்தான்.

ஆகவே கட்டங்களை நான்காகக் குறைத்து, வாரிசுச் சலுகையையும் ஒழிக்க வேண்டுகிறோம். நடக்காத காரியம் என்று சொல்ல வழியில்லை: உங்கள் ஊரிலேயே இருக்கும் எம்.ஐ.டி. நான்கு செயல்களுக்கு மேல் கேட்பதில்லை, வாரிசுச் சலுகையும் தருவதில்லை. அங்கே அறிவாளிகளுக்குப் பஞ்சம் வந்ததாகத் தகவல் இல்லை. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எட்டுக் கட்டங்கள் காலியாக உள்ளோர் சார்பில்