தட்டுவடை செட்டும் பன்னாட்டு உணவியலும்: தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெருநகரங்களில் ஒரே முதலாளி நாலைந்து உணவகம் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பட்டா போட்டுக் கொடுத்து, 'உலகச் சுவைகளின் சங்கமம்' என்று பலகை மாட்டி, கூடவே காக்டெயிலும் ஊற்றுவது வழக்கம். சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்துத் தம்மம்பட்டியில் இவ்வமைப்பு உண்டா என்று இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராயத் தேவை இருந்ததா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. குழுமம்

அண்ணனுக்குப் பரோட்டாக் கடை, தம்பிக்குத் தட்டுவடை வண்டி, மச்சானுக்குச் சோடா வண்டி. மூன்றுக்கும் சில்லறை ஒரே டப்பாவிலிருந்து. ஆகவே இது உணவகக் குழுமம் (சான்று: டப்பா).

3. நாடுவாரிப் பகுப்பு

இத்தாலி: இல்லை.

மெக்சிகோ: இல்லை; ஆனால் பிரிவு 4 காண்க.

சீனா: சோயா சாஸ் பாட்டில் அளவில் உண்டு. மஞ்சூரியன் மஞ்சூரியாவிலிருந்து வந்ததல்ல. 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் கோழியில் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். கோழி எப்போது காலிஃபிளவர் ஆனது என்பதற்கு ஏடு கிடைக்கவில்லை.

4. தட்டுவடை செட்: ஓர் அடுக்காய்வு

கீழடுக்கில் ஒரு தட்டுவடை. அதன்மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி. அதற்கும் மேல் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு சொட்டு எலுமிச்சை. மூடாக்காக இன்னொரு தட்டுவடை. முழுசாக வாய்க்குள் தள்ளுவதே அறிஞர் உலகம் ஏற்ற அகழாய்வு முறை. பாதி கடித்தால் மேலடுக்கு நொறுங்கி, நடுவடுக்கு மார்பில் இறங்கும் (காண்க: கட்டுரையாளர் சட்டை, இடப்பக்கப் பை, பீட்ரூட் குறிப்பு).

இனி மூலங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. பீட்ரூட்டின் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். கேரட் பாரசீகம், ஆப்கானிஸ்தான் பக்கம். தட்டுவடையில் சேரும் பொட்டுக்கடலைக்கு மூலமான கொண்டைக்கடலை முதலில் பயிரானது இன்றைய துருக்கியின் தென்கிழக்கில். அதே தட்டுவடையில் உள்ள உளுந்தும் கறிவேப்பிலையும் உள்ளூர்ப் பிரதிநிதிகள்.

காரச் சட்னி முதலா, புதினாச் சட்னி முதலா என்பதில் அறிஞரிடையே கடும் பிளவு. செஞ்சட்னி மரபினர் காரமே ஆதி என்பர். 'காரம் இல்லாட்டி எதுக்குங்க செட்டு?' என்பது அவர்களின் மூலவாக்கியம் (நேர்காணல்: வண்டிக்காரர், கரண்டியை ஆட்டியபடி). பசுஞ்சட்னி மரபினரோ, அந்தச் சிவப்பு பிற்காலத்து இடைச்செருகல் என்பர் (காண்க: விலைப்பலகை, நான்காம் வரி, பெயின்ட் உரிவதற்கு முந்தைய பாடம்). இரு தரப்பும் மேற்கோள் காட்டும் ஒரே ஆவணம் கடன் நோட்டு (எண்ணெய்ப் பிசுக்குப் பிரதி, முன்னட்டை இல்லாதது, 'பாக்கி' இயல், அடித்தல் திருத்தலுடன் கூடிய பகுதி, இருப்பிடம்: கல்லாவுக்கு அடியில், பார்வையிட அனுமதி மறுக்கப்பட்டது, காரணம் அதே இயலில் கட்டுரையாளர் பெயரும் உள்ளது). இரண்டு சட்னியையும் ஒரே கரண்டியில் அள்ளிப் போடும் வண்டிகளும் உண்டு. அவை கோட்பாட்டுக்கு ஒத்துவராதவை என்பதால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன.

இது பன்னாட்டு உணவா என்பதை அளக்க நமது கல்விப்புலம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. பக்கத்து மாவட்டத்துப் பேராசிரியர்கள் நாலு பேர், மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர், மேடையில் ஒரு பொன்னாடை: இவ்வளவு சேர்ந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு தட்டுவடை செட் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை.

5. பரிமாறு கலன்

நகரத்தில் மரப்பலகையில் வைத்துப் பரிமாறினால் விலை கூடும். தம்மம்பட்டி சிற்பிகள் மரத்தில் சாமியும் வாகனமும் செதுக்குகிறவர்கள். பலகை கிடைத்தால் யாளி ஆக்குவார்களே தவிர அதில் போண்டா வைக்க மாட்டார்கள்.

6. காக்டெயில்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி ஆட்சியில், 1937 அக்டோபர் 1 அன்று. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறையில் விற்கிறது. அங்கே வாங்குகிறவர் கலப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால் அது காக்டெயில் வரையறைக்குள் வராது.

எஞ்சுவது கோலி சோடா. அந்தப் பாட்டிலுக்கு ஆங்கிலேயர் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைக்கும். கட்டைவிரலால் ஓர் அமுக்கு, 'டப்' என்று திறக்கும். எலுமிச்சை, உப்பு, நன்னாரி, பன்னீர் என்று கலவைகள் பல. ஊற்றுபவர் கழுத்துப்பட்டை கட்டாததால் அவரை எவரும் நிபுணர் என்று அழைப்பதில்லை.

7. முடிவுகள்

(அ) தம்மம்பட்டியில் பலதேச உணவு உண்டு. எந்தத் தேசம் என்று பலகையில் எழுதவில்லை.

(ஆ) எழுதினால் விலை ஏறும்.

(இ) சட்னி வரிசைச் சிக்கல் ஒரு தட்டில் தீராது. மேலும் இரண்டு செட்டுக்கும் ஒரு பன்னீர் சோடாவுக்கும் நல்கைக் குழு ஆவன செய்யுமாறு கோரப்படுகிறது. பழைய பாக்கியையும் சேர்த்து.