இரண்டு அரசுகளின் பெருந்தன்மை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் சம்சாரிகள் கொடுத்து வைத்தவர்கள். காட்டுப்பன்றிகளிடமிருந்து அவர்கள் பயிரைக் காக்க ஒன்றுக்கு இரண்டு அரசுகள். பொறுப்பை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில் இரண்டுக்கும் இணையே இல்லை.

மத்திய அரசை முதலில் வாழ்த்துவோம். துப்பாக்கிச் சட்டம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்க்காவலுக்கென்றே குழல்வாயில் மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் பெற இடம் தந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டமோ, அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம் என்று அந்தத் துப்பாக்கி தேயாமல் பார்த்துக்கொண்டது. 1801இல் பாளையக்காரர்களை அடக்கிய கிழக்கிந்தியக் கும்பினி இந்தச் சீமையில் ஆயுதங்களைப் பறிக்கத்தான் செய்தது. கொடுத்துவிட்டுச் சுடாதே என்னும் நுட்பம் அதற்குக் கைவரவில்லை.

பீகாருக்கும் உத்தரகண்டுக்கும் சில பகுதிகளில் பன்றியைத் தீங்குயிரியாக அறிவித்துச் சுட வழி கொடுத்த மத்திய அரசு, கேரளம் கேட்டபோது, “உங்கள் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கே அதிகாரம் இருக்கிறதே” என்ற பொருளில் பதில் சொன்னது. மாநில உரிமைமேல் எத்தனை மரியாதை!

மாநில அரசும் சளைத்ததல்ல. துப்பாக்கி உரிமத்தில் கையெழுத்திடும் ஆட்சியர் இங்கேதான் இருக்கிறார். சட்டத்தைக் கேட்டாலோ கை டெல்லியைக் காட்டும். 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு இன்னும் அருமை. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். குருமலைக் காப்புக்காட்டுப் பன்றிகளும் கிலோமீட்டர் கணக்கு அறிந்தே புஞ்சைக்குள் இறங்கும் என்பது அரசின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் விளைச்சலை மார்கழி இரவில் பார்க்கலாம். மானாவாரி மக்காச்சோளம் கருது பிடித்திருக்கும். சுற்றிலும் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருப்பார்கள். சம்சாரி டார்ச்சும் தகர டப்பாவுமாகக் கண்விழிப்பார். அவர் அசந்த அரைமணியில் பன்றிக்கூட்டம் தட்டையைச் சாய்த்துக் கருதை மென்றுவிடும். விடிந்தால் மிஞ்சுவது சக்கையும் வட்டிக்கு வாங்கிய கடனும்.

சுட அனுமதிப்பதா, பிடிப்பதா, வேலிக்குப் பணம் தருவதா என்று இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தால் இத்தனை புகழும் போய்விடும். போகட்டும். சம்சாரியின் கருது வீடு வந்து சேரட்டும்.