லண்டன் பூனைகள் குறித்துத் திருவண்ணாமலைக்கு ஒரு விளக்கக் கடிதம்

பேகோபுரத் தெருவில் வாழும் பெரியப்பா, பெரியம்மா இருவருக்கும் லண்டனில் குடியேறிய தம்பி மகன் குடும்பத்தின் வணக்கம்.

தம்பி மகனும் மருமகளும் இரண்டு பூனைகளைத் தத்தெடுத்த செய்தி வாட்ஸ்அப் வழியாக முன்னரே ஊரை எட்டி, எலியே இல்லாத வீட்டுக்குப் பூனை எதற்கு, அதிலும் இரண்டு எதற்கு என்ற கேள்வியை எழுப்பிவிட்டதால், உரிய விளக்கம் முறைப்படி கீழே அளிக்கப்படுகிறது.

பிரிட்டனில் ஆதரவற்ற விலங்குகளைப் பேணும் காப்பகங்கள் பழமையானவை. 1860-இல் நாய்களுக்கெனத் தோன்றிய பேட்டர்சீ காப்பகம் 1883-இல் பூனைகளையும் ஏற்கத் தொடங்கியது. அங்கிருந்து 2011-இல் எலி பிடிக்கும் பொறுப்பேற்றுப் பிரதமர் இல்லம் சென்ற லாரி என்னும் பூனை, 2024-க்குள் ஆறாவது பிரதமரையும் பார்த்துவிட்டது. இத்தகைய காப்பகங்களில் 'இணைபிரியா ஜோடி' என்றொரு வகை உண்டு. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து, ஒட்டியே உறங்கி, பிரித்தால் உண்ண மறுக்கவோ ஒளிந்துகொள்ளவோ கூடிய இரு பூனைகளை அச்சொல் குறிக்கும். அவற்றைச் சேர்த்தே கொடுப்பார்கள், ஒன்றை மட்டும் கேட்போருக்குக் கொடுக்கமாட்டார்கள். இரண்டு எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை.

தத்தெடுப்பு என்பது பணம் கொடுத்துப் பூனை வாங்குவதன்று. வீட்டின் பரப்பு, சாலையின் நெரிசல், வேலை நேரம், குழந்தைகளின் வயது என அனைத்தையும் காப்பகத்தார் விசாரித்த விதம் பெண் பார்க்கும் படலத்தையே ஒத்திருந்தது. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. மேலும், பூனையின் தோலுக்கடியில் அரிசி மணியளவு சில்லு ஒன்றைச் செலுத்தி, அதிலுள்ள எண்ணுடன் உரிமையாளரின் முகவரியைப் பதிவு செய்வது 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் கட்டாயம். தவறினால் 500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

வீடு வந்த ஜோடி நேராகச் சோபாவின் அடியில் குடிபுகுந்தது. வாடகை கட்டுவோர் மேலேயும் கட்டாதோர் கீழேயுமாகச் சில வாரங்கள் கழிந்த அக்காலத்தில், கொஞ்சிக் கூப்பிடுவதும் கையை நீட்டித் துழாவுவதும் தீங்கையே விளைவித்தன. அருகில் தரையில் அமர்ந்து, வேறெதையோ படித்துக்கொண்டு, பூனையைக் கண்டுகொள்ளாததுபோல் இருந்ததே பலனளித்தது. கண்களைச் சுருக்கி மெதுவாக மூடித் திறப்பது மற்றொரு வழி. சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, முன்பின் அறியாத ஒருவர் அவ்வாறு இமைத்தபின் கை நீட்டினால் பூனை அவரை அணுக வாய்ப்பு கூடுதல் எனக் காட்டுகிறது. மருமகளின் காலில் ஒரு பூனை கன்னத்தைத் தேய்த்த நாளில் வீட்டில் கேசரி கிளறப்பட்டது. கன்னத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூசி, பழகியவரைத் தன் கூட்டத்தில் சேர்க்கும் செயல் அது. தம்பி மகனுக்கு அந்தச் சேர்க்கை பிந்தியே கிடைத்தது என்பதைப் பெருமையின்றிக் குறிப்பிட வேண்டியுள்ளது.

தயிர்ச்சோறு போட்டால் போதும் என்ற பெரியம்மாவின் அறிவுரை நன்றியுடன் மறுக்கப்படுகிறது. பூனை இறைச்சியுண்ணும் விலங்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் அவற்றின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் நஞ்சாதலால், சின்ன வெங்காயச் சாம்பார் அடுக்களைக் கதவை அடைத்துக்கொண்டே வைக்கப்படுகிறது.

விலங்கைக் குடும்பத்தில் சேர்ப்பது வெள்ளைக்காரப் பழக்கம் என்ற பெரியப்பாவின் கண்டனம் வேறெந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும். 1948-இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்குத் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சமாதி உண்டு. மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட அருகிலேயே உண்டு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் பெரியப்பா அந்த வாசலைக் கடந்தே செல்கிறார்.

இருவரும் லண்டன் வரும்போது, பூனைகளை வந்தவுடன் தூக்க முயலாமல், நாற்காலியில் அமர்ந்து மெல்லக் கண் இமைத்தால் போதுமானது. கருவாடு கொண்டுவர வேண்டாம்: உப்பு பூனைகளுக்கு ஆகாது, வாடை பக்கத்து வீட்டாருக்கு ஆகாது.